மாமியாருக்குப் பொட்டு

சென்னியப்பனும் நரோத்தமும் ஒரே ஒரு நாள் சண்டை போடாமல் இருக்க வேண்டும். நாச்சிமுத்து கேட்டது அவ்வளவுதான். ஊர் உலகத்தில் யார் யாரோ சாமியிடம் என்னென்னவோ கேட்கிறார்கள். இந்த மனுஷனுக்கு இது போதும். ஆனால் அந்த இரண்டு பேரையும் தெரிந்தவர்களைக் கேட்டால், அதற்குப் பதிலாக நொய்யல் ஆற்றில் வருஷம் பூராவும் நல்ல தண்ணீர் ஓட வேண்டும் என்று கேட்டிருக்கலாம், அதுவாவது நடக்கும் என்பார்கள்.

"இன்னிக்கு ஒரு பொழுதுக்கு ரெண்டு பேரும் கம்முனு இருங்க. கையெடுத்துக் கும்பிடறேன்," என்றார் நாச்சிமுத்து. கேன்டீன் வாசலில் டீ டம்ளரோடு கும்பிட்டதில் பாதி டீ சட்டையில் கொட்டியது.

"நான் என்னிக்கப்பா சண்டைக்குப் போனேன்? இந்தப் பெருக்கான்தான் வம்புக்கு வருவான்," என்றார் சென்னியப்பன். பெருச்சாளிக்கு அந்தப் பக்கம் அதுதான் பேர்.

"பாருங்ணா, வாயத் தொறந்ததுமே ஆரம்பிச்சாச்சு. ஆகாவழி மனுசன்," என்றான் நரோத்தம்.

"ஆருடா ஆகாவழி?"

"போதுஞ் சாமி!" என்று நாச்சிமுத்து நடுவில் புகுந்தார். "அந்த மேடம் மெட்ராஸ்ல இருந்து வருது. நம்ம கூடத்துலதான் நாள் பூராவும் உக்காரப் போவுதாமா. அது அண்ணாந்து மட்டும் பாத்துதுன்னா சோலி முடிஞ்சுது. யாரு சோலின்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

சொல்ல வேண்டியதில்லைதான். நரோத்தம் தரையைப் பார்த்தான். சென்னியப்பன் கூட டீயை ஊதுவதை நிறுத்திவிட்டார்.

அண்ணாந்து பார்த்தால் என்ன தெரியும் என்று சொல்வதற்கு முன்னால் மாமியார் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அன்னூர் ரோட்டில் இருக்கிற நீர்மகள் பம்ப்ஸ் பெரிய கம்பெனி. அங்கே வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள். மீதிப் பேர் ஒடிசா, ஜார்க்கண்ட், அஸ்ஸாம், நேபாளம் என்று பல திசையிலிருந்து ரயிலேறி வந்தவர்கள். ஒரு நாள் கேன்டீன் சாம்பாரில் யாரோ கடுகெண்ணெயைத் தாளித்துக் கொட்டிவிட்டார்கள். கேலியாக ஆரம்பித்த பேச்சு, பெஞ்சு பறந்து, ஒருவர் மண்டை உடைந்து, போலீஸ் ஜீப் வந்து நின்றதில் முடிந்தது. கம்பெனி நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. அதற்கப்புறம்தான் முதலாளிமார் 'இணக்கி'யை வாங்கி மாட்டினார்கள்.

இணக்கி என்பது மனிதர் முகத்தைப் படிக்கிற யந்திரம். ஒவ்வொரு கூடத்திலும் உத்தரத்திலிருந்து நீளமான ஒரு கழுத்து தொங்கும். அதன் நுனியில் ஒரு கண். கழுத்தைத் திருப்பித் திருப்பி எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருக்கும். யார் எந்த ஊர், எதைச் சாப்பிடுவார், எந்தப் பேச்சு அவருக்குச் சுடும் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. ஒருவர் புருவம் சுருங்கி, எதிரே நிற்பவர் தோள் விறைத்தால் போதும், இருவரின் மணிக்கட்டுப் பட்டையிலும் ஆரஞ்சு விளக்கு எரியும். வாயைத் திறக்காமல் ஒருவர் வேறு கூடத்துக்குப் போய்விட வேண்டும். அதே இருவருக்கும் மூன்றாவது முறை எரிந்தால் ஒருவருக்கு வேறு ஊர்த் தொழிற்சாலைக்கு மாற்றல். ஒப்பந்தத்தில் வந்தவர்தான் மூட்டை கட்டுவார். அதில் பேச்சே கிடையாது.

நாள் முழுக்க முறைத்துப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்கிற அதற்குத் தொழிலாளிகள் வைத்த பேர் மாமியார். தமிழர் ஒருவர்தான் முதலில் சொன்னார். மற்றவர்களுக்கு அவரவர் மொழியில் அர்த்தம் சொன்னதும் கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. எந்த ஊரில்தான் மாமியார் இல்லை!

சண்டை நின்றுபோனது. அட, நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். மண்டை உடைவதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. ஆனால் மாமியார் பிரித்துப் பிரித்து அனுப்பியதில், கொஞ்ச நாளில் ஒடியாக்காரர்கள் ஒரு கூடம், அன்னூர்க்காரர்கள் ஒரு கூடம், நேபாளிகள் ஒரு கூடம் என்று தானாகவே ஆகிவிட்டது. கலந்து நின்ற இடங்களிலும் யாரும் யாரிடமும் வேண்டாத பேச்சுப் பேசுவதில்லை. ஆஸ்பத்திரி மாதிரி அமைதி. அழுத்துயந்திரக் கூடத்தில் தில்பகதூர் என்கிற நேபாளிப் பையனின் விரல் நசுங்கியது. பக்கத்தில் நின்றவர் முன்பே பார்த்திருக்கிறார். ஏனப்பா கத்தவில்லை என்று கேட்டதற்கு, "கத்துனா அவன் தப்பா எடுத்துக்குவானோன்னு யோசிச்சேனுங்க, ஆரஞ்சு வந்துருமோன்னு," என்று அழுதார். நாச்சிமுத்துவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த நாச்சிமுத்து கை வார்ப்புக் கூடத்தின் சூப்பர்வைசர். பெரிய பம்புகளின் உடம்பை அங்கே ஆள் நின்றுதான் வார்க்க வேண்டும். உருகின இரும்பைச் சுமந்து கிரேனில் தொங்குகிற தொட்டிக்கு லேடில் என்று பேர். அதன் சக்கரத்தைத் திருப்பிச் சாய்ப்பவர் சென்னியப்பன். எதிர்ப்பக்கம் நீளக் கம்பியோடு நின்று, மேலே மிதக்கிற கசடு மண் அச்சுக்குள் விழாமல் தடுத்துக்கொண்டு, ஊற்று, நிறுத்து என்று சொல்பவன் நரோத்தம். சாய்ப்பவருக்கு அச்சு தெரியாது; அவருக்குக் கண்ணே எதிரே நிற்பவன்தான்.

நரோத்தம் பெஹரா ஒடிசாவில் பலாங்கிர் பக்கத்துக்காரன். சென்னியப்பனிடம் திட்டு வாங்கியே தமிழ் கற்றுக்கொண்டவன். அதனால் அவன் தமிழில் பாதி வசவு, மீதி அன்னூர். மனைவியைக் கூட்டி வந்து குடிவைத்து, மகளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தான். சென்னியப்பனும் சும்மா இல்லை, ஒடியாவில் திட்டக் கற்றுக்கொண்டார். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகிற விஷயம் ஒன்றுகூடக் கிடையாது. வேலை மட்டும் கையும் கரண்டியுமாக நடக்கும்.

போன வருஷம் விசுவகர்மா பூஜை அன்றுதான் வினை முற்றியது. வடக்கேயும் கிழக்கேயும் அன்று கருவிகளைத் தொடமாட்டார்கள். கருவிக்கு அன்று ஓய்வு. நரோத்தம் கம்பியைத் தொடமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "உலை கொதிக்குது, இவனுக்கு ஓய்வாம்!" என்று சென்னியப்பன் எகிறினார். ஆரஞ்சு எரிந்தது. அது இரண்டாவது. இன்னொரு முறை எரிந்தால் நரோத்தம் குடும்பத்தோடு ரயிலேற வேண்டியதுதான்.

கொஞ்ச நாளில் ஆயுத பூஜை வந்தது. இப்போது சென்னியப்பன் சக்கரத்தைத் தொடமாட்டேன் என்றார். "உலை கொதிக்குதுங்ணா," என்று நரோத்தம் இளித்தான். சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாமும் இதைத்தானே செய்கிறோம் என்று அப்போதுதான் அந்த மனுஷனுக்கு உறைத்தது. வாயால் சொல்வாரா என்ன! "ஏணியப் புடிடா," என்றார். கிண்ணம் நிறையச் சந்தனமும் குங்குமமுமாக உலைக்கு, லேடிலுக்கு, கிரேனுக்கு, விளக்குமாறுக்கு எல்லாம் பொட்டு வைத்தார்கள். கடைசியில் சென்னியப்பன் ஏணி மேல் ஏறி மாமியார் முன்னால் நின்றார்.

"எல்லாத்துக்கும் வெச்சாச்சு. இவளுக்கு வெக்காட்டிக் குத்தமாயிரும். ஆனா நெத்தி எங்கடா?"

"நெத்தியே இல்லீங்ணா. கண்ணு மட்டுந்தான்."

"சரி, இருக்கறதுல வெப்போம்," என்று கண்ணிலேயே அப்பிவிட்டார். உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

வம்பு பண்ண வேண்டும் என்று செய்ததல்ல; பக்தியாகத்தான் செய்தார். பூஜையில் வைத்த பொட்டை நம் கையால் அழிக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் உலைச் சூட்டில் சந்தனம் காய்ந்து, மண் தூசி ஏறி, ஓடாக இறுகிவிட்டது. உதிரவே இல்லை. கொஞ்ச நாள் கழித்துத்தான் நாச்சிமுத்து கவனித்தார். அந்தக் கழுத்து இப்போது திரும்புவதில்லை. கூடத்தில் ஆரஞ்சு எரிவதுமில்லை. அவர் அண்ணாந்து பார்த்தார், குனிந்துகொண்டார், யாரிடமும் மூச்சு விடவில்லை. இணக்கி பார்க்கிற படத்தை மனிதர் யாரும் பார்க்கக் கூடாது என்பது சட்டம். மேலே இருப்பவர்களுக்கு மதிப்பெண் மட்டும்தான் போகும். அதனால் விஷயம் வெளியே தெரியவும் இல்லை.

அப்புறம் அந்தக் கூடம் கூடமாகவா இருந்தது? சந்தைக்கடை! காலையில் வந்ததும் வாய்ச்சண்டை, மத்தியானம் சமாதானம், சாயங்காலம் மறுபடியும் சண்டை. ஆள் தேவைப்பட்டபோதெல்லாம் நாச்சிமுத்து பக்கத்துக் கூடங்களிலிருந்து ஒவ்வொரு ஊர்க்காரராகப் பார்த்துச் சேர்த்தார். அவர்களும் கத்தக் கற்றுக்கொண்டார்கள். ஒரு விரலுக்குக் கூட ஆபத்து வரவில்லை. ஒரு வார்ப்பும் பழுதென்று திரும்பி வரவில்லை. அதைப் பார்த்துப் பார்த்து நாச்சிமுத்துவுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இந்தப் பயல்களைப் போல ஒரு கூட்டத்தை எவன் சேர்த்தான், நான் சேர்த்தேன் என்று மனசுக்குள்ளேயே மார் தட்டிக்கொள்வார்.

இந்த நேரத்தில்தான் தகவல் வந்தது. கம்பெனியின் எல்லா ஊர்த் தொழிற்சாலைகளிலும் சேர்த்து, இணக்கத்தில் முதல் இடம் அன்னூர் கை வார்ப்புக் கூடத்துக்கு! எப்படி என்று நேரில் பார்க்க இணக்கியை உருவாக்கிய பொறியாளரே வருகிறார். படித்ததும் நாச்சிமுத்து அண்ணாந்து பார்த்தார். அந்தம்மா பொட்டைப் பார்த்தால் துடைப்பார். துடைத்தால் மாமியார் முதல் வேலையாக இந்த இரண்டு பேரையும்தான் பார்ப்பாள்.

பொறியாளர் மிருணாளினிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கார் கதவை டிரைவர் திறப்பதற்குள் இறங்கி, தலைக்கவசத்தைத் தானே கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். அதிகாரத் தோரணை எதுவுமில்லை. அதுவே நாச்சிமுத்துவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"சார், நீங்க வழக்கமா எப்படி வேலை செய்வீங்களோ அப்படியே செய்யுங்க. நான் இருக்கறதையே மறந்துடுங்க," என்றார்.

"அதுக்கென்னுங்க மேடம்," என்ற நாச்சிமுத்து, அவர் பார்வை மேலே போகாமலிருக்க, கீழே இருந்த ஒவ்வொரு சாமானையும் காட்டிப் பேசினார். விளக்குமாறைக் கூட விடவில்லை.

கூடத்தில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டுமே! சென்னியப்பன் முகத்தில் கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர் சிரிப்பு. "வாங்க நரோத்தம். சாப்டீங்களா?" என்றார்.

"சாப்டனுங்க. நீங்க நல்லாருக்கீங்களா?"

"இருக்கறனுங்க. கம்பி எடுத்துக்கறீங்களா?"

மற்றவர்கள் சிரிப்பை அடக்க மாட்டாமல் மண் குவியலுக்குப் பின்னால் போய் நின்றார்கள். மிருணாளினி தலையாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் முகத்தில் திருப்தி இல்லை. எல்லாத் தொழிற்சாலையிலும் பார்த்துச் சலித்த காட்சி அது.

"சார், ஒண்ணு கேக்கலாமா?" என்று மெதுவாகச் சொன்னார். "இது மத்த இடம் மாதிரியேதான் இருக்கு. அப்ப இங்க மட்டும் ஏன் ஒருத்தருக்கும் அடிபடல? மத்த இடத்துல சண்டை இல்ல, ஆனா விபத்து கூடிட்டே போகுது. அது எனக்கு ராத்தூக்கமே இல்லாம பண்ணுது. அதனாலதான் வந்தேன்."

நாச்சிமுத்து அவரை நிமிர்ந்து பார்த்தார். இந்தம்மா பதக்கம் கொடுக்க வரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. பதில் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நரோத்தம் மகளின் முகம் ஞாபகம் வந்து விழுங்கிக்கொண்டார்.

லேடில் வந்தது. சென்னியப்பன் சக்கரத்தைப் பிடித்தார். நரோத்தம் எதிரே கம்பியோடு நின்றான். இரும்புக் குழம்பு சாய்ந்து, மஞ்சள் நாடாவாக அச்சுக்குள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் நரோத்தம் முகம் மாறியது. அச்சின் வாயில் குழம்பு குபுகுபுவென்று கொதித்தது. உள்ளே மண் ஈரம்! ஈர மண்ணில் உருகின இரும்பு இறங்கினால் அது குண்டு.

"அண்ணா, கொஞ்சம் நிறுத்தறீங்களா?" என்றான் நரோத்தம்.

உலை இரைச்சலில் அது யார் காதில் விழும்? சென்னியப்பனும் மரியாதையாகச் சிரித்து, மரியாதையாகத் தலையாட்டி, இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

"ஏனுங்ணா, தயவு செஞ்சு..."

மிருணாளினி நன்றாகப் பார்க்க வேண்டும் என்று ஓரடி முன்னால் வந்தார். நரோத்தம் ஒரு முறை அவரைப் பார்த்தான், ஒரு முறை நாச்சிமுத்துவைப் பார்த்தான். அதற்குள் நாச்சிமுத்துவுக்கும் கொதிப்பு கண்ணில் பட்டுவிட்டது. தன் வாயால் கட்டிய கட்டு என்று தெரிந்தது. "கத்துடா!" என்று அவர் அலறுவதற்கும், நரோத்தம் கட்டுத் தெறித்துக் கத்துவதற்கும் சரியாக இருந்தது.

"டேய் ஆகாவழி! பின்னால திருப்புடா! கெரகம் புடிச்சவனே, திருப்புடா!"

சென்னியப்பன் ஏன் என்று கேட்கவில்லை. அந்தக் குரல் காதில் விழுந்த கணம் கை தானாகச் சக்கரத்தைப் பின்னால் சுழற்றியது. லேடில் நிமிர்ந்தது. நாச்சிமுத்து மிருணாளினியின் தோளைப் பிடித்து இழுத்துச் சுவரோரம் தள்ளினார். அச்சு வெடித்தது. வாய் வரை நிறைந்திருந்தால் கூடமே போயிருக்கும். பாதிதான் நிறைந்திருந்ததால் சிதறின குழம்பு, அந்தம்மா சற்று முன் நின்ற இடத்தில் விழுந்து சீறி அடங்கியது.

எல்லோரும் நிற்கிறார்களா என்று நாச்சிமுத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நின்றார்கள். அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"ஏண்டா இவ்வளவு நேரம்?" என்று சென்னியப்பன் பாய்ந்து வந்தார். "கண்ணு பொடனீலயா இருந்துது?"

"நானா? சொல்லிட்டேதான இருந்தேன்! இளிச்சுட்டு நிக்கறான் கெழவன்!"

"என்னமோ மாப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி தயவு செஞ்சுங்கற! செத்துருப்பமேடா, பெருக்கான்!"

"நீ சாவு! எம் புள்ளைக்கு ஆரு பதில் சொல்றது?"

சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மூக்கும் மூக்கும் இடிக்கிற நெருக்கம். சென்னியப்பன் அறைந்துவிடுவார் என்றே மிருணாளினி நினைத்தார். ஆனால் பிடித்த சட்டையை விடாமலே சென்னியப்பன் குனிந்து பார்த்தார். "பூட்ஸ்ல தெறிச்சிருக்குது. கழட்டு. கழட்டுடா, சுடுதான்னு பாப்போம்," என்றார். நரோத்தம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றான். இன்னும் திட்டிக்கொண்டுதான் இருந்தான்.

மிருணாளினி தன் கையிலிருந்த கணினிப் பலகையைப் பார்த்தார். ஒரு ஆரஞ்சும் இல்லை. மெதுவாக அண்ணாந்து பார்த்தார்.

"சார், அது என்ன?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? நாச்சிமுத்து எல்லாவற்றையும் ஒப்பித்தார். விசுவகர்மா பூஜை, ஆயுத பூஜை, ஏணி, இல்லாத நெற்றி எல்லாம். "தப்பு எம்மேலதானுங்க மேடம். பாத்துட்டும் கம்முனு இருந்தேன். என்னைய என்ன வேணா பண்ணுங்க. இந்தப் பையனை மட்டும் அனுப்பீராதீங்க. இவிய ரெண்டு பேரும் இல்லீன்னா இன்னிக்கு நீங்களும் இல்ல, நானும் இல்ல."

மிருணாளினிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பலகையில் எதையோ தட்டினார். "துடைக்கறதுக்குன்னு சொன்னா கழுத்தைத் தானே கீழ இறக்கும். அப்படித்தான் செஞ்சு வெச்சிருக்கேன்," என்றார்.

எல்லோரும் மேலே பார்த்தார்கள். கழுத்து அசையவில்லை. அவர் மறுபடி தட்டினார். அசையவில்லை. பலகையில் எழுத்து வந்தது. மிருணாளினி படித்தார்:

"'இது பணியாளர்களின் வழிபாட்டுச் சின்னம். இதை அகற்றவோ, அகற்றும்படி கேட்கவோ எனக்கு அனுமதி இல்லை.'" அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான்தான் சார் எழுதினேன் இந்த விதியை. யாரோட சாமி மேலயும் மெஷின் கை வெச்சிடக் கூடாதுன்னு முதல் விதியா எழுதினேன். அதான் கண்ணு போனதைக்கூட அது யார்கிட்டயும் சொல்லல."

"அப்ப ஃபர்ஸ்ட் மார்க்கு எப்படிங்க போட்டுது? கண்ணுதான் தெரியலியே?"

"காது இருக்கே. இருங்க, கேக்கறேன்." அவர் தட்டினார். பதில் வர வர முகம் மாறிக்கொண்டே வந்தது. பிறகு சத்தமாகப் படித்தார். உலையடியில் நின்றவர்கள்கூட வேலையை விட்டு வந்து நின்றார்கள்.

"'கண்ணால் பார்க்கும்போது சண்டை தொடங்குவது தெரியும். உடனே பிரித்துவிடுவேன். இந்தக் கூடத்தில் காதால் மட்டும் கேட்டேன். கேட்பது சண்டையா என்று முடிவு செய்யக் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு சண்டை எப்படி முடியும் என்பதை நான் இதற்கு முன் அறிந்ததில்லை. மற்ற கூடங்களில் எதையும் நான் முடிய விட்டதில்லை. இங்கே ஒவ்வொன்றும் சிரிப்பில், சாப்பாட்டில், அல்லது காயம் பட்டதா என்ற கேள்வியில் முடிகிறது. ஆகவே முதல் இடம்.'"

எல்லோரும் அண்ணாந்து அந்தப் பொட்டைப் பார்த்தார்கள்.

"அடி ஆத்தா," என்றார் சென்னியப்பன். "மாமியாளுக்கே புத்தி வந்துருச்சு."

புறப்படும்போது மிருணாளினி நாச்சிமுத்துவிடம் மட்டும் சொன்னார்: "நான் நடந்ததை அப்படியே சொல்லப் போறேன் சார். பொய் சொல்ல மாட்டேன். மண்டை உடைஞ்ச கதையை மேல இருக்கறவங்க இன்னும் மறக்கல, அது தப்பும் இல்ல. இந்தப் பொட்டை நான் துடைக்க முடியாது. ஆனா வேற புதுக் கண்ணு மாட்டச் சொல்லிட்டாங்கன்னா, தடுக்க என்னால ஆகாது. புகை, தீ பாக்க வேற கருவி இருக்கு. இது மனுஷங்களைப் பாக்க மட்டும்தானே? அதைச் சொல்லிப் பாக்கறேன்." கார் ஏறியவர் மறுபடி இறங்கி வந்தார். "அந்தக் கூட்டத்தைச் சேர்த்தது நீங்களா?"

"ஆமாங்க மேடம்."

"நல்லா சேர்த்தீங்க," என்றார். நாச்சிமுத்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் முள் மேல் நிற்கிற மாதிரிதான். எந்த வண்டி வந்தாலும் புதுக் கண் வந்துவிட்டதா என்று நாச்சிமுத்து ஓடிப்போய்ப் பார்த்தார். நரோத்தம் மனைவி பாத்திரங்களைப் பாதி மூட்டை கட்டி வைத்திருப்பதாகச் சென்னியப்பன் சொன்னார். சொன்னவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விசுவகர்மா பூஜை வந்தது. இந்தத் தடவை சென்னியப்பன் சக்கரத்தைத் தொடவில்லை. "எனக்கும் இன்னிக்கு ஓய்வு. எவனாச்சும் கேளுங்க பாப்போம்," என்று காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். நரோத்தம் குளித்து, நெற்றியில் நீளச் செந்தூரம் இட்டு, தட்டோடு வந்தான். உலைக்கு வைத்தான், லேடிலுக்கு வைத்தான், கிரேனுக்கு வைத்தான். கடைசியில் அண்ணாந்து பார்த்தான். பழைய பொட்டு ஓடாக அப்படியே இருந்தது.

"இவளுக்கும் புதுசா வெச்சுரு. ஏணி எடுத்தாரேன்," என்று சென்னியப்பன் எழுந்தார்.

அவர் ஏணியைத் தொடுவதற்கு முன்னால் மேலே ஒரு சத்தம் கேட்டது. ஒரு வருஷமாக அசையாதிருந்த கழுத்து மெல்ல மடங்கியது. இறங்கி இறங்கி, நரோத்தம் கைக்கு எட்டுகிற உயரத்தில் வந்து நின்றது. அவன் தட்டோடு இரண்டடி பின்வாங்கினான்.

நாச்சிமுத்து உடனே மிருணாளினியைப் போனில் கூப்பிட்டார். "மேடம், கழுத்த எறக்கீருக்கீங்களா?"

"நானா? நான் எதையும் தொடலையே சார். மீட்டிங்ல இருக்கேன். உங்க விஷயமாதான், இன்னும் முடிவாகல. ஏன், என்ன ஆச்சு?"

பதில் சொல்வதற்குள் பக்கத்துக் கூடத்திலிருந்து தில்பகதூர், அந்த விரல் நசுங்கின பையன், ஓடி வந்தான். நாச்சிமுத்து போனைக் காதில் வைத்தபடியே வெளியே வந்து வராந்தாவில் நின்று பார்த்தார். அழுத்துயந்திரக் கூடத்தில், சுருள் கட்டும் கூடத்தில், வண்ணம் பூசும் கூடத்தில், கேன்டீனில், கண்ணுக்கு எட்டின தூரம் வரை எல்லாக் கழுத்துகளும் இறங்கிக் குனிந்து நின்றன. எந்தக் கண்ணும் யாரையும் பார்க்கவில்லை. அவரவர் கூடத்தில் ஆட்கள் என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றி நின்றார்கள்.

"சார்? சார், லைன்ல இருக்கீங்களா? துடைக்கச் சொன்னாத்தானே அது இறங்கும்?"

"இது தொடைக்கறதுக்கு எறங்கலீங்க மேடம்," என்றார் நாச்சிமுத்து. அழுதார் என்று சொல்வதில் வெட்கமென்ன, அழுதார்.

உள்ளேயிருந்து சென்னியப்பனின் குரல் கூடமே அதிரக் கேட்டது. "டேய் நரோத்தம், என்னடா பேய் அறைஞ்சாப்ல நிக்கற? மாமியா நெத்தியக் காட்டறாடா! வெய்யுடா பொட்ட! பெருசா வெய்யி!"

"எம்பட பூசைங்ணா இது. எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியும். நீங்க கம்முனு உக்காருங்க!"

"உனக்கென்னடா தெரியும், ஆகாவழி!"